அந்த அலமாரியின் பூட்டைக் கழற்றுங்கள்: எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும்,

கண்புரை அறுவைக்காக நான் மதுரையில் இருந்த வாரத்தில் நடந்த கூட்டத்தில் நீங்கள் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியிருக்கிறீர்கள். வீடு திரும்பிய பிறகு வாட்ஸ்அப் குழுவில் வந்த கூட்டக் குறிப்பில்தான் அவற்றைப் படித்தேன். மாடிப்படிக்குக் கீழே, பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி இருந்த அலமாரியை அலுவலக அறைக்கு மாற்றிப் பூட்டி வைக்க வேண்டும், அதிலிருந்து எந்தப் பொருள் வேண்டுமென்றாலும் மாணவர் வகுப்பாசிரியரின் கையொப்பத்துடன் விண்ணப்பம் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது முதல் தீர்மானம். காலை 9.15 மணிக்கு வெளிக்கதவைப் பூட்டி, பிந்தி வருபவர்களை முதல் பாடவேளை முடியும்வரை வெளியே நிறுத்தி, மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் அவர்களுடைய பெயர்களை வாசிக்க வேண்டும் என்பது இரண்டாவது. இவை நடைமுறைக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. இடையில் தலைமையாசிரியருக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலும் இதையே பின்பற்றலாமா என்று பேச்சு நடப்பதாக அறிந்த பிறகு, இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுவதே சரி என்று முடிவு செய்தேன்.

அந்த அலமாரி எப்படி வந்தது என்பது இப்போதைய உறுப்பினர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஆறாம் வகுப்பில் விட்டுப்போனவர்கள் எட்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அன்று நல்ல மழை. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் நாள் முழுவதும் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடியே இருந்தான். எழுதும்போதுகூட இறக்கி வைக்கவில்லை. குளிர்கிறது போலும் என்று நினைத்தேன். மாலையில் பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, சட்டையின் மேல் பொத்தான்கள் மூன்றும் பூட்டவே முடியாத அளவுக்கு அவன் வளர்ந்திருந்தான். அது ஆறாம் வகுப்புக்குத் தைத்த சீருடை.

மறுநாள், இதே பள்ளியில் படித்து முடித்த என் அண்ணன் மகனின் பழைய சீருடைச் சட்டைகள் இரண்டை எடுத்து வந்தேன். அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே, கிழிந்த நிலப்படங்களும் காலிச் சாக்பீஸ் பெட்டிகளும் கிடந்த இரும்பு அலமாரியைத் துடைத்து, சட்டைகளை மடித்து வைத்து, ‘அளவு சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். சில நாள்களில் ஒரு சட்டையைக் காணவில்லை. அடுத்த வகுப்பு நாளில் அவன் பையைத் தரையில் வைத்துவிட்டு எழுதினான்.

அப்படித் தொடங்கிய அலமாரியில் பிறகு பேனா, அளவுகோல், ஜியோமெட்ரி பாக்ஸ், ஊக்கு, தலைப்பின்னலுக்கு வேண்டிய ரிப்பன், நாப்கின், பிஸ்கட் பொட்டலம் எல்லாம் சேர்ந்தன. ஆசிரியர்கள் சிலர் வாங்கி வைத்தார்கள், பழைய மாணவர்கள் சிலர் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார்கள், கடைவீதியில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரர் மாதந்தோறும் கொடுத்தார். பூட்டு இல்லை, பதிவேடு இல்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது: அலமாரிப் பக்கம் நிற்கும் பிள்ளையைப் பார்த்தால், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கடந்து போக வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடத்தைப் பிறகும் மாற்றாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போகும் வழி அது. அங்கே போகிற பிள்ளை எதற்காகப் போகிறாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த அலமாரியைத்தான் நீங்கள் எழுத்தரின் மேசைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

தீர்மானத்துக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. தணிக்கையில் கேள்வி வரும் என்பது ஒன்று. அலமாரியில் இருந்தவை எவையும் அரசுப் பணத்திலோ பள்ளி நிதியிலோ வாங்கப்பட்டவை அல்ல. அப்படியும் கணக்கு வேண்டுமென்றால், என்ன வந்தது, எவ்வளவு வந்தது என்று கொடுப்பவர் எழுதி வைக்கட்டும். எடுக்கும் பிள்ளை எதற்காக எழுத வேண்டும்? பொருள்கள் திருடு போகின்றன என்பது இரண்டாவது காரணம். எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி ஒட்டிய இடத்திலிருந்து எடுப்பது எப்படித் திருட்டாகும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் மறுக்காமல் சொல்கிறேன், தேவைக்கு மேல் எடுத்தவர்கள் இருந்தார்கள். ஒரு பையன் ஒரே நாளில் இரண்டு ஜியோமெட்ரி பாக்ஸ் எடுத்தான். வகுப்பாசிரியர் தனியாக விசாரித்தபோது, இன்னொன்று வேறு பள்ளியில் படிக்கும் தங்கைக்கு என்றான். அதை இழப்புக் கணக்கில் எழுதுவீர்களா என்று உங்களையே கேட்கிறேன்.

இனி, உங்கள் பதிவேடு சொல்வதைப் பாருங்கள். உறுப்பினர் என்ற முறையில் சென்ற வாரம் அதை வாங்கிப் பார்த்தேன். மூன்று மாதங்களில் ஏழு கையெழுத்துகள் இருந்தன. ஏழும் பேனாவுக்கு, ஏழும் ஆண் பிள்ளைகள். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள். அதில் ஏழு பேரும் ‘மறந்துவிட்டேன்’ என்றே எழுதியிருக்கிறார்கள். பேனா வாங்கக் காசு இல்லை என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை எழுதிக் கையெழுத்திடுவான் என்று யாராவது எதிர்பார்த்தீர்களா? நாப்கின் என்ற சொல் அந்தப் பதிவேட்டில் ஒரு முறைகூட இல்லை. மூன்று மாதங்களாக எந்தப் பெண் பிள்ளைக்கும் அது தேவைப்படவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது.

தேவைப்பட்ட ஒருத்தியை நானே பார்த்தேன். போன மாதம் ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும், வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பையை முதுகில் மாட்டாமல் வாரை நீளமாக இறக்கிவிட்டு, பின்பக்கம் இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு சாலையோரமாக நடந்து போனாள். எனக்குப் புரிந்துவிட்டது. கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனேன். “ஆபீஸ்ல கேட்கலையாம்மா?” என்றேன். “அங்க சார் இருந்தாரு டீச்சர். லெட்டர் எழுதிட்டு வரச் சொன்னாரு” என்றாள். எழுத்தரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் போட்ட விதியைத்தான் அவர் சொன்னார். அந்தப் பிள்ளையின் வீடு நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அன்று பிற்பகல் அவளுக்கு ‘வரவில்லை’ என்று பதிவாகியிருக்கும். வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுக்கும் புதுயுகம் திட்டம் 2011-இல் அறிவிக்கப்பட்டது, நல்ல திட்டம்தான். ஆனால் திட்டத்தில் வரும் பொட்டலத்தைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டாம் பாடவேளையில், எதிர்பாராத நேரத்தில் வேண்டியிருப்பது கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றே ஒன்று.

பிஸ்கட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ‘இது என்ன பள்ளிக்கூடமா, பெட்டிக்கடையா’ என்று கேட்டதாகக் குறிப்பில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்டது. நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில்தான் சேர்க்கை. ஏப்ரல் வரை தொடக்கப்பள்ளியில் காலையில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டுப் பழகிய வயிறு, ஜூன் மாதம் நம் மைதானத்தில் வணக்கக் கூட்டத்தில் வெறும் வயிறாக நிற்கிறது. 2023 ஜூனில் முதல் இரண்டு வாரங்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். மூவரையும் கேட்டேன், மூவரும் “சாப்பிட்டேன் டீச்சர்” என்றுதான் சொன்னார்கள். அதன் பிறகுதான் அலமாரியில் பிஸ்கட் வந்தது.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். 1976-இல் நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே மதிய உணவு கிடையாது. எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தபோது நான் பள்ளியை விட்டே போயிருந்தேன். மதிய மணி அடித்ததும் நான் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வேப்ப மரத்தடியில் எதையாவது படிப்பது போல உட்கார்ந்திருப்பேன். எங்கள் தையல் டீச்சர் ஒரு நாள் கூப்பிட்டு, தன்னுடைய மூன்றடுக்கு டிபன் கேரியரைக் கழுவிக் கொண்டுவரும் வேலையை எனக்குக் கொடுத்தார். “அடித்தட்டுல மிச்சம் என்னமோ கிடக்கு, கொட்டிறாத புள்ள. தின்னுட்டுக் கழுவு” என்றார். புளிச்சோறு, சில நாள் தயிர்ச்சோறு, ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய். இப்படி நான்கு ஆண்டுகள். மிச்சம் என்று சொல்லப்பட்ட அந்த அடித்தட்டு ஒரு நாளும் கலைந்திருந்ததில்லை என்பது, நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகு ஒரு நாள் சட்டென்று உறைத்தது. அதுவரை நான் ஒரு வேலை செய்து சாப்பிடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அன்று ‘உனக்குச் சாப்பாடு இல்லையா, ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடு’ என்று கேட்டிருந்தால், குழாயடித் தண்ணீரே போதும் என்று சொல்லியிருப்பேன். ஏழாம் வகுப்பைத் தாண்டியிருக்கவும் மாட்டேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கும் உதவியைப் பிள்ளைகள் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இதை நம் பள்ளியில் இன்று பணியில் இருக்கும் ஆசிரியர்களிலேயே சிலர் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். திக்கிப் பேசும் ஒரு மாணவன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்ற இரண்டு சொற்கள் அவனுக்கு மலை. ‘உ’வில் தொடங்கி நிற்பான், வகுப்பு சிரிக்கும். புதிதாக வந்த வகுப்பாசிரியர் முதல் வாரமே இதைக் கவனித்தார். அவனுக்கு மட்டும் விலக்குத் தரவில்லை. ‘தொண்டையை எதற்கு வீணாக்குகிறீர்கள், இனி எல்லாரும் கையை மட்டும் தூக்குங்கள்’ என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியிருக்கவில்லை, சுற்றறிக்கையும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பையன் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு, தானாகவே எழுந்து ஒரு செய்யுளை ஒப்பித்தான் என்று கேள்விப்பட்டேன். திக்கித்தான் ஒப்பித்தானாம், யாரும் சிரிக்கவில்லையாம்.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.10 முதல் 10.05 வரை நான் பள்ளிக் கதவுக்கு வெளியே, எதிரில் இருக்கும் புங்க மரத்தடியில் நின்று பார்த்தேன். பதினேழு பிள்ளைகள் பிந்தி வந்தார்கள். பதினோரு பேர் ஒரே பேருந்தில் வந்து இறங்கியவர்கள். மேற்கே இருக்கும் ஐந்து கிராமங்களுக்கும் காலையில் அந்த ஒரு பேருந்துதான். பூ அதிகமாக வரும் நாள்களில் மல்லிகை மூட்டைகளை ஏற்றி இறக்கி, அது 9.25-க்கு முன் நம் ஊருக்கு வருவதில்லை. அரசு கொடுத்த கட்டணமில்லாப் பயண அட்டை எல்லாரிடமும் இருக்கிறது. பேருந்தை வேகமாக ஓட்டும் அதிகாரம் அந்த அட்டையில் இல்லை. மீதி ஆறு பேரில் ஒருவன் பத்தாம் வகுப்பு. விரல் நுனிகளில் காம்பின் பச்சைக்கறை இருந்தது. விடியுமுன் நாலரை மணிக்கு அம்மாவோடு பூ எடுக்கப் போய், எட்டரைக்கு எடை போட்டுவிட்டு, குளிக்காமல் ஓடி வந்திருந்தான். அவன் அந்த வேலைக்குப் போகலாமா கூடாதா என்பது தனியாகப் பேச வேண்டிய பெரிய கேள்வி. போய்விட்டு, அதற்குப் பிறகும் பள்ளிக்கு ஓடி வருகிறவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது எந்தக் கேள்விக்கு விடை என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று அந்தப் பதினேழு பேரில் நான்கு பையன்கள் கண்மாய்க்கரைப் பக்கம் போனார்கள். கதவு திறந்தபோது திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் வந்த பேருந்திலேயே ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். முன்பெல்லாம் பத்து நிமிடம் பிந்தி வந்து ஏழு பாடவேளை படித்தவர்கள், இப்போது ஒரு பாடவேளையும் படிப்பதில்லை. இருந்து உள்ளே போகிறவர்களும் முதல் பாடவேளையை இழக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு வாரத்தில் மூன்று நாள் முதல் பாடவேளை கணக்கு. கணக்கில் பின்தங்கியதும் அவர்களை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்து மாலைச் சிறப்பு வகுப்புக்கு நிறுத்துகிறோம். ஐந்து மணிப் பேருந்தை விடுகிறார்கள். இருட்டிய பிறகு வீடு சேர்கிறார்கள். மறுநாள் மறுபடி பிந்துகிறார்கள். இந்தச் சக்கரத்தை நாமே செய்து, நாமே சுற்றிவிட்டு, வணக்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அவர்களுடைய பெயரையும் வாசிக்கிறோம்.

சட்டம் தெரிந்தவர்கள் குழுவில் இருப்பதால் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடைசெய்கிறது. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளையின் பெயரை நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் குற்றவாளியின் பெயர் போல வாசிப்பது எந்த வகையில் சேரும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தீர்மானம் நிறைவேறிய அன்று அறையில் இருந்த தாய்மார்களுக்கு, நாப்கின் எடுக்கப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்ற வரி வாசித்துக் காட்டப்பட்டதா? இருவரிடம் கேட்டேன். ‘அலமாரியைப் பத்திரமாக வைக்கப் போகிறோம் என்றுதான் சொன்னார்கள்’ என்றார்கள்.

தலைமையாசிரியர் கடுமையான மனிதர் அல்லர் என்பதை நான் அறிவேன். ஆறு மாதமாகத் தண்ணீர் வராத கழிப்பறைக்கு, அவர் வந்த மூன்றாவது வாரமே தண்ணீர் வந்தது. எல்லாம் ஒழுங்காக, எழுத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர். சத்துணவுக் கூடத்துக்கும் ஆய்வகத்துக்கும் அது பொருந்தும். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குப் பொருந்தவில்லை என்பதற்கு அவருடைய பதிவேடே சான்று. குறை சொல்ல வேண்டுமானால் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறதே என்று அவர் கேட்கலாம். நம் பள்ளியில் அந்தப் பெட்டி அவருடைய அறை வாசலிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. அதில் கடிதம் போடும் பிள்ளையின் முகத்தை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கடைசியாக அதில் எப்போது கடிதம் வந்தது என்று சொல்வாரா?

என் கோரிக்கைகள் இவை. அலமாரி பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும், பூட்டில்லாமல், விண்ணப்பமும் பதிவேடும் இல்லாமல். வைப்பவர்களின் கணக்கை மாதம் ஒரு முறை நானே எழுதித் தருகிறேன். தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பையும் ஏற்கிறேன். இதுவரை எழுதிய பதிவேட்டின் பக்கங்களை, அந்த ஏழு பையன்களின் பெயர் வெளியே போகாதபடி, தலைமையாசிரியர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பிந்தி வரும் பிள்ளை நேரே வகுப்புக்குப் போகட்டும். காரணத்தை வகுப்பாசிரியர் இடைவேளையில் தனியாகக் கேட்கட்டும். ஒரே பிள்ளை தொடர்ந்து பிந்தினால், கதவை மூடுவதற்குப் பதில் அந்த வீட்டுக்கு ஒரு முறை போய் வருவோம், நானும் வருகிறேன். மேற்குக் கிராமங்களுக்குப் போகும் பேருந்தை இருபது நிமிடம் முன்னதாக எடுக்கும்படி போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குக் குழுவின் பெயரில் ஒரு கடிதம் எழுத வேண்டும். வரைவு என்னிடம் ஆயத்தமாக இருக்கிறது. வணக்கக் கூட்டத்தில் பெயர் வாசிப்பதை இந்தத் திங்கட்கிழமை முதலே நிறுத்த வேண்டும். அதற்குத் தீர்மானம்கூடத் தேவையில்லை, வாசிக்காமல் இருந்தால் போதும். ‘மாணவர் மனசு’ பெட்டியை நூலகச் சுவருக்கு மாற்ற வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் பொருள்நிரலில் இந்த இரண்டு தீர்மானங்களையும் மறுபரிசீலனைக்கு முதல் இனமாகச் சேர்க்கவும், சேர்த்ததை எழுத்தில் எனக்குத் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் மூன்று மணிக்கு. அலமாரியைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைக்கப் பழைய மாணவர்கள் நான்கு பேர் இரண்டரை மணிக்கே வந்து காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்